எண்ணெய் வைக்காத தலை

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூரம் பக்கம் போகும் வண்டியில் ஏறி 'பைப் கம்பெனி' என்று சொன்னால்தான் இறக்கிவிடுவார்கள். வாசலில் மூன்று மொழியில் 'புரோட்டான் முடுக்கி ஆய்வு மையம்' என்று பளபளவென்று பலகை இருக்கிறது. யார் படித்தார்கள்? முதல் வருஷம் லாரி லாரியாக நீளக் குழாய்கள் வந்து இறங்கின. ஊர் பார்த்தது, பெயர் வைத்துவிட்டது. மஹாலட்சுமி முதலில் திருத்திப் பார்த்தாள். "பைப் செய்யற எடம் இல்லண்ணே, ஆராய்ச்சி பண்ற எடம்" என்று கண்டக்டரிடம் சொன்னாள். "பைப்புல இன்னாம்மா ஆராய்ச்சி?" என்று அவர் கேட்டார். அதோடு விட்டுவிட்டாள்.

நிஜத்தைச் சொன்னால் அது குழாய் சமாச்சாரம்தான். ஹைட்ரஜன் வாயுவிலிருந்து புரோட்டான் என்கிற துகளைப் பிரித்தெடுத்து, நாற்பது மீட்டர் குழாய்க்குள் விட்டு, வழியெல்லாம் மின்சாரத்தால் தள்ளித் தள்ளி வேகம் கூட்டி, கடைசியில் ஒரு பொருளின்மேல் மோதவிட வேண்டும். அப்படி மோதவிட்டால் புற்றுநோய்க்கு மருந்துச் சரக்கு செய்யலாம். செயற்கைக்கோளில் போகிற மின்னணுச் சில்லு, மேலே அடிக்கும் கதிர்வீச்சைத் தாங்குமா என்று கூரத்துப் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். எல்லாம் சரி, ஆனால் துகள் போகிற வழியில் ஒரு பொட்டுக் காற்று இருக்கக்கூடாது, முட்டிச் சிதறிவிடும். ஆகவே குழாயிலிருந்து காற்றை இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் எவ்வளவு காலி என்று காட்ட ஒரு கருவி உண்டு. மைனஸ் நாலு, மைனஸ் ஐந்து என்று அது இறங்கிக்கொண்டே போகும். மைனஸ் எட்டு வந்தால் துகளை ஓட்டலாம். கணக்கு விவரமெல்லாம் நமக்கு வேண்டாம், அந்த எட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டுக்குப் பொறுப்பு மஹாலட்சுமி. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, அதே தெருவில் பட்டு நெய்கிற விக்னேஷுக்குக் கழுத்தை நீட்டியவள். பாலிடெக்னிக் படிப்பு. நாலு வருஷமாக ஒப்பந்தத்தில் டெக்னீஷியன். சோதனை ஓட்டம் முடிந்து டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்துவிட்டுப் போனதும் அவளை நிரந்தரம் ஆக்க எழுதுவதாக ரேவதி மேடம் சொல்லியிருந்தார். ரேவதி மேடம்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவர்; சிரிக்கமாட்டார், சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார். விக்னேஷ் காலண்டரில் நாளைக் கிழிக்கும்போதெல்லாம் "இன்னும் எத்தினி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொருத்தி சுகாசினி. ஓரிக்கைக்காரி. வயது முப்பத்தைந்து. அவள் புருஷன் டேனியல் வாடகை வேன் ஓட்டுகிறான். அவனுடைய தாத்தா காலம்வரை அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அந்தக் குடும்பத்திலிருந்து, தரையில் முகம் பார்க்கலாம் என்கிற இப்படி ஒரு கட்டடத்துக்குள் போன முதல் ஆள் அவள்தான். ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தவள். குழாயின் எந்தப் பாகமும் அவள் கழுவாமல் உள்ளே போகாது. சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், கடைசியில் ஸ்பிரிட். அதன் பிறகு தூசு விடாத வெள்ளைத் துணியால் துடைப்பாள். ஒரு துடைப்புக்கு ஒரு துணி. அந்தத் துணிப் பாக்கெட்டைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். யாராவது வந்து, மூக்குக் கண்ணாடி துடைக்க ஒன்று கொடேன் என்று பல்லிளித்தால் போச்சு. "இன்னா சார், உங்க கண்ணாடிக்குள்ள புரோட்டான் ஓடுதா?" என்பாள்.

சேர்ந்த முதல் வாரமே ரேவதி மேடம் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: தலை எண்ணெய், பவுடர், முகத்துக்குப் போடும் க்ரீம், பூ, எதுவும் வேலை நாளில் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி உள்ளே போனாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், காற்றை எவ்வளவு இறைத்தாலும் தீராது. மற்றவர்கள் தலையாட்டிவிட்டு, தொப்பிதான் போடுகிறோமே என்று இருந்துவிட்டார்கள். சுகாசினி அன்றைக்கு நிறுத்தியதுதான். ஞாயிற்றுக்கிழமைகூட வைக்கமாட்டாள். இடுப்பு வரை தொங்கின முடி. செம்பட்டை பாரித்து, பரட்டையாக, சீப்பு வைத்தால் பாதியில் நின்றது. "கல்யாண போட்டோவுல என் பக்கத்துல நிக்கறது உன் தங்கச்சியாமா?" என்று டேனியல் கேலி செய்வான். "ஆமா, நல்லா இருந்தவள ஓட்டிட்டு நான் வந்து குந்திக்கினு இருக்கறேன், போ" என்பாள். ஆனால் வைக்கமாட்டாள்.

இருவரும் மையத்தின் வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். சாப்பாட்டு நேரத்தில் மஹாலட்சுமியின் டப்பா சுகாசினியிடமும், சுகாசினியின் கருவாட்டுக் குழம்பு மஹாலட்சுமியிடமும் போய்விடும். இவள் அவளை 'சுகாக்கா' என்பாள். அவள் இவளை வெறும் 'மஹா' என்பாள். ஆள் கூட இருந்தால் மட்டும் 'மஹா மேடம்' என்று கண்ணடிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் எண் மைனஸ் ஆறில் வந்து நின்றது.

ஒரு நாள் நின்றது, இரண்டு நாள் நின்றது. பத்து நாள் ஆயிற்று, இறங்குவேனா என்றது. மஹாலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. பம்பைப் பார்த்தாள், சரியாக இருந்தது. இணைப்புக்கு இணைப்பு ஹீலியம் பீய்ச்சிப் பார்த்தாள், ஒரு கசிவும் இல்லை. உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று காட்டும் கருவியை மாட்டினார்கள். அது எண்ணெய் என்றது. அதுவும் எங்கோ மூலையில் இல்லை, நடுவில் இருக்கும் செம்புக் கூட்டுக்குப் பக்கத்தில். கல்யாண வீட்டு அண்டா அளவில் செம்பாலேயே கடைந்த கூடு அது. துகளுக்கு வேகம் கொடுப்பதே அதுதான்.

பம்பில் எண்ணெய் கிடையாது, கசிவும் கிடையாது. பிறகு எண்ணெய் எப்படி வரும்? கழுவினது சரியில்லை. வேறு வழி தோன்றவில்லை மஹாலட்சுமிக்கு. காரணம் கண்டுபிடித்து அறிக்கை தருவது அவள் வேலை. தந்தாள். 'பாகங்களைச் சுத்தம் செய்ததில் குறை இருந்திருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பொய் எழுதுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. அது முக்கியம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏஜென்சி மேற்பார்வையாளர் சீனிவாசன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். தன் தலை தப்பினால் போதும் அவருக்கு. "எண்ணெய்க் கையோட தொட்டிருப்பா மேடம். இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்றார். சுகாசினி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கழுவின தேதி, நேரம் எல்லாம் எழுதின நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை.

"நான் தலைக்கு எண்ணெ வச்சே ரெண்டு வருஷம் ஆவுது மேடம்" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஹாலட்சுமி மேஜைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் சுகாசினியிடம் சீனிவாசன் சொல்லிவிட்டார். அன்றைக்கு வேனில் சுகாசினி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. விக்னேஷ் தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்தான். நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளில் எங்கோ ஒன்று தளர்ந்து கிடந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது, நெய்த பிறகு சேலையில் கோடாகத் தெரியும். இந்த மாதிரிச் சமயத்தில் அவன் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவான். அவள் விரலுக்கு அப்படி ஒரு ஞானம்.

"மஹா, இத கொஞ்சம் பாத்துட்டுப் போயேன். எனக்கு மாட்ட மாட்டேங்குது."

அவள் வந்தாள். வழக்கம்போல விரலில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். விரல் சொரசொரத்தால் பட்டு மாட்டிக்கொள்ளும் என்று பிறந்த வீட்டிலிருந்தே வந்த பழக்கம்; காலையில் பல் தேய்ப்பது மாதிரி, வேலைக்குப் போகிற நாளிலும் கை தானாகச் செய்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலைப் பாவின்மேல் ஓட்டினாள். விரல் பாதி தூரம் போயிற்று.

அங்கேயே நின்றுவிட்டது.

ஐயோ, இந்த விரல்! செம்புக் கூட்டை மூடின நாள் கண்முன்னே வந்து நின்றது. கிரேனில் மூடி தொங்குகிறது. நாலு பேர் காத்திருக்கிறார்கள். டார்ச் அடித்துக் கடைசியாக உள்ளே பார்க்கிறாள். கூட்டின் வாய்க்கு அருகே தலைமுடி போல ஒரு கோடு. கீறலா, வெளிச்சமா? கீறலாக இருந்தால் மின்சாரம் ஏற்றும்போது பொறி பறக்கும். கையுறையோடு தடவினாள், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்? அப்புறம் இந்தக் கை என்ன செய்தது? கொசுவை விரட்டுவது மாதிரி, கேட்காமல் கொள்ளாமல், கையுறையை உருவிவிட்டு மோதிர விரலை உள்ளே ஓட்டியது. கீறல் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு "மூடுங்கண்ணா" என்று சொன்னாள். மொத்தம் பத்து வினாடி. கை செய்ததை மூளை எழுதி வைத்துக்கொள்ளவே இல்லை.

"கெடச்சிச்சா?" என்றான் விக்னேஷ்.

"நான்தான்பா."

"நீ இன்னா?"

சொன்னாள். அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"பாத்திருந்தா அப்பவே கத்தி இருப்பாங்க."

"கேமரா இருக்குதே."

"அதுல என் முதுகுதான் தெரியும்."

விக்னேஷ் மோசமான ஆள் இல்லை, பயந்த ஆள். தாடையைச் சொறிந்தான். "கொழாய சூடு பண்ணா அந்தப் பிசுக்கெல்லாம் தானா போயிடும்னு நீதான ஒரு நாள் சொன்னே?"

"போவும். ஒரு வாரம், பத்து நாள் ஆனா போயிடும். நாளைக்கி அதத்தான் ஆரம்பிக்கறாங்க."

"அப்ப விடு. நீ வேணும்னா பண்ணே? டெல்லிக்காரன் வருவான், எட்டப் பாப்பான், போய்க்கினே இருப்பான். உன் ஆர்டரும் வந்துடும்."

"சுகாக்கா?"

அவன் தளர்ந்த இழையைத் தேடுவது போலப் பாவைக் குனிந்து பார்த்தான். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவள் மறுபடியும் பாவில் விரலை வைத்தாள். இந்த முறை கண் திறந்தே இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, "இதோ, இதான் தளந்திருக்குது, இஸ்து கட்டு" என்றாள். அவன் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வண்டிய எடு. ஓரிக்கைக்குப் போவணும்" என்றாள்.

"மொதல்ல மேடத்துக்கு போன் பண்ணேன்."

"அக்காகிட்ட சொல்லாம யார்கிட்ட சொன்னாலும் எனக்குப் பேச்சு வராதுபா."

விக்னேஷ் முணுமுணுத்துக்கொண்டேதான் சட்டையை மாட்டினான். ஆனால் வண்டியை எடுத்தான்.

ஓரிக்கையில் அவர்கள் போய் இறங்கியபோது சுகாசினி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். டேனியல் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் ஒரு கிண்ணம். முடி முழுவதையும் முன்னால் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் எண்ணெயை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். தலை குளிரக் குளிர, காது வழியாகக் கழுத்தில் வடிய, இரண்டு வருஷத்துப் பாக்கியையும் ஒரே நாளில் தீர்ப்பது போல.

"வாங்க மேடம். உக்காருங்க" என்றாள் சுகாசினி.

இங்கே வெளியாள் யாரும் இல்லை. கண்ணடிக்கவும் இல்லை. மஹாலட்சுமி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோடு, கையுறை, விரல், எண்ணெய், எல்லாம். விக்னேஷ் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டேனியல் கையிலிருந்த குழாயில் தண்ணீர் வீணாக மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டாள் சுகாசினி.

"இப்பதான்க்கா. ஒரு மணி நேரம்கூட ஆவல. சத்தியமா."

"ரிப்போர்ட் எழுதறப்ப தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"நம்பறேன். தெரிஞ்சிருந்தா நீ எழுத மாட்டே, அந்த அளவுக்கு ஒன்ன எனக்குத் தெரியும்." சுகாசினி முடியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். கோபத்தில் 'மேடம்' போய் 'நீ' வந்திருந்தது. மஹாலட்சுமிக்கு அதுவே கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த பேச்சு வந்தது. "ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னிக்கி அந்தச் செம்புக் கூட்டத் தொட்டது ரெண்டே கை. உன் கை, என் கை. உன் கைமேல ஒனக்கு ஒரு நிமிஷம்கூட சந்தேகம் வரல. என் கைமேல மட்டும் எப்படி ஒடனே வந்திச்சு?"

மஹாலட்சுமி வாயைத் திறந்தாள். பம்பு, ஹீலியம், கசிவு என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் அந்த வரிசையில் தன் பெயர் ஏன் இல்லை என்பதற்கு அது பதில் ஆகாது.

"தெரியலக்கா" என்றாள். அது உண்மை இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. "தெரியும். சொல்ல வெக்கமா இருக்குது."

"ஆங். அது." சுகாசினி கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "சுத்தம் பண்ணணும்னாலும் எங்களத்தான் கூப்புடுவீங்க. அழுக்குன்னு வந்தாலும் எங்களத்தான் பாப்பீங்க. நாளைக்கி நீ போய் சொல்லு, சொல்லாத, அது உன் இஷ்டம். நான் எண்ணெ வச்சிட்டேன்."

டேனியல்தான் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றான். சுகாசினி அவனை முறைத்தாள். மஹாலட்சுமி குடிக்காமலே கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரேவதி மேடத்தின் அறைக் கதவுக்கு முன்னால் மஹாலட்சுமி போய் நின்றாள். சூடேற்றும் பட்டைகளைக் குழாயில் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். கதவைத் தட்டாமல் திரும்பிப் போனால் பத்து நாளில் எட்டு வந்துவிடும். அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

தட்டினாள். சொன்னாள்.

ரேவதி மேடம் பேனாவை மூடி வைத்தார். "கையுறையை எதுக்குக் கழட்டினே?"

"கீறல் கையில தெரியும் மேடம். எங்க வீட்ல அப்படித்தான் பாப்போம்."

"நாலு வருஷமா சொல்லிக்கொடுத்தது?"

"மறந்துட்டேன்னு சொல்ல முடியாது மேடம். கை தானா போயிடிச்சு."

"விரல் பட்டதை விடு. யாருக்கும் நடக்கும், எனக்கே நடந்திருக்கு. நீ கையெழுத்துப் போட்ட அறிக்கையை நான் சனிக்கிழமையே டெல்லிக்கு அனுப்பிட்டேன், மஹாலட்சுமி. கீழே என் கையெழுத்தும் இருக்கு. கழுவின நோட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை நான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்னை நிரந்தரம் ஆக்கச் சொல்லி இந்த வருஷம் நான் எழுத மாட்டேன். புரியுதா?" என்றார்.

"புரியுது மேடம்."

"வா, திறந்து பார்ப்போம்."

சூடேற்றும் பட்டைகளைக் கழற்றினார்கள். செம்புக் கூட்டைத் திறந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பிசுக்கைக் காட்டும் ஊதா விளக்கை உள்ளே அடித்தார்கள். வாய்க்கு அருகே ஒரு சாண் நீளத்துக்கு வெளிர் நீலமாக ஒரு தீற்றல். தொடங்குகிற இடத்தில் விரல் ரேகை அச்சாக விழுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி, ஒரு புள்ளி இல்லை. சுகாசினி கழுவின கூடு அது. எல்லோரும் பார்த்தார்கள். சீனிவாசனின் முகத்தில் ஈயாடவில்லை.

ரேவதி மேடம் அங்கேயே, எல்லோரும் கேட்கும்படி, போனை ஸ்பீக்கரில் போட்டார். "சுகாசினி, நான் ரேவதி. தப்பு எங்க பேர்ல. உன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். டெல்லிக்கும் எழுதறேன். நீ இன்னைக்கே வர முடியுமா? உன்னைத் தவிர வேற யாரையும் இதைத் தொட விடமாட்டேன்."

அந்தப் பக்கம் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாள் ஆவும் மேடம்" என்றது குரல். "தலையில எண்ணெ இருக்குது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் காத்திருந்தார்கள். டெல்லிக் குழுவுக்குத் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி எழுதினார்கள். எத்தனையோ வருஷம் திட்டம் போட்டு, எங்கெங்கிருந்தோ சாமான் வரவழைத்துக் கட்டின யந்திரம், ஓரிக்கையில் ஒருத்தியின் தலை காய்வதற்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. அதன் பிறகு எண் இறங்கியது, எட்டு வந்தது, துகள் ஓடியது, குழு வந்து கைகுலுக்கிவிட்டுப் போனது, எல்லாம் நடந்தது. விக்னேஷ் ஒரு வாரம் மஹாலட்சுமியோடு சரியாகப் பேசவில்லை; அப்புறம் காலண்டரைப் பார்த்து "சரி, அடுத்த வருஷத்துக்கு எத்தினி நாளு?" என்று அவனே கேட்டான். அதையெல்லாம் விடுங்கள். நான் சொல்ல வந்தது புதன்கிழமைக் காலையைப் பற்றி.

சுகாசினி வந்தாள். வேனில் வரவில்லை, டேனியல் கொண்டுவந்து விட்டான். கண்ணிரண்டும் கோவைப்பழமாக இருந்தது. உடை மாற்றும் அறையில் மஹாலட்சுமி ஏற்கெனவே வெள்ளைச் சட்டை, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "கண்ணு ஏன்க்கா இப்படி இருக்குது?" என்று கேட்டு வைத்தாள்.

"சீக்கா. நாலு தரம் போட்டேன். அப்பவும் போவல, காலைல மறுபடியும் போட்டேன். அவ்வளோ எண்ணெ வச்சிருக்கறேன், கடங்காரி." முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தாள். மறுபடியும் அதே வறண்ட, செம்பட்டை முடி. "கைய நீட்டு."

மஹாலட்சுமி நீட்டினாள். சுகாசினி கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிவிட்டாள். மோதிர விரல் வந்தபோது அதை மட்டும் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். வலித்தது. பிறகு டேப் சுருளை எடுத்து, கையுறையையும் சட்டைக் கையையும் சேர்த்து மணிக்கட்டில் சுற்றினாள். ஒரு சுற்று இல்லை, நாலு சுற்று. இன்னொரு கைக்கும் அப்படியே.

"இனிமே நீ உள்ள வர்ற அன்னிக்கெல்லாம் நான்தான் ஒட்டுவேன். நான்தான் பிரிப்பேன். மூக்கு அரிச்சாலும் என்ன கூப்புடு."

"சரிக்கா."

"அந்தக் கேள்விக்கு இன்னும் நீ பதில் சொல்லல."

"இல்லக்கா."

"யோசிச்சிக்கினே இரு. நானும் கேட்டுக்கினே இருப்பேன்."

உள்ளே போனார்கள். செம்புக் கூடு திறந்து கிடந்தது. மஹாலட்சுமி ஊதா விளக்கைப் பிடித்தாள். அவள் விரலின் தடம் நீலமாக மினுங்கியது. சுகாசினி இடுப்பிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்து துணிப் பாக்கெட்டை எடுத்தாள். "கொஞ்சம் மேல காட்டு, மஹா" என்றாள்.

மஹா என்றாள்.

அவ்வளவுதான், மஹாலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று நாளாக வராத அழுகை. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். நாலு சுற்று டேப்பும் கையுறையும் முகத்தருகே வந்ததும் அப்படியே நிறுத்திவிட்டாள். கண்ணீர் முகமூடியின் விளிம்பு வரை வந்து நின்றது.

"ஏய், ஏய்! தள்ளு, தள்ளி நில்லு!" சுகாசினி பதறிக்கொண்டு தோளைப் பிடித்து அவளைக் கூட்டிலிருந்து இரண்டடி பின்னால் இழுத்தாள். "உள்ள ஒரு சொட்டு உழுந்துச்சி, நான் இன்னொரு ரெண்டு நாள் கழுவணும். அழறதுக்கு ஒனக்கு எடமே கெடைக்கலயா?"

மஹாலட்சுமி இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, எதையும் தொடாமல், தேம்பித் தேம்பி அழுதாள். சுகாசினி துணிப் பாக்கெட்டிலிருந்து தூசு விடாத துணி ஒன்றை உருவி, நாலாக மடித்து, அவள் கண்ணை ஒற்றி எடுத்தாள். முதலில் ஒரு கண், அப்புறம் மடிப்பைத் திருப்பி இன்னொரு கண். துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தன் கையுறையை மாற்றிக்கொண்டு, கூட்டுக்கு வேறொரு துணி எடுத்தாள்.